சென்சஸ் டவுன் என்றால் நகரமா?

சென்ற மாதம் ஒரு கிராம சபை முடிந்து கிளம்பும்போது, ஒரு அம்மா நூறு நாள் வேலை அட்டையை நீட்டினார். "சார், எங்க ஊரு டவுனாயிடுச்சாமே, இது இனிமே செல்லுமா?"

அவர் மகன் செல்போனில் சென்சஸ் பட்டியலைக் காட்டினான். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தது.

"செல்லும்மா" என்றேன். உள்ளாட்சிப் பயிற்சிக்குப் போகும் ஊர்களில் எல்லாம் இந்தக் குழப்பம் இருக்கிறது.

சி.டி. என்றால் சென்சஸ் டவுன். மக்கள்தொகை 5,000-ஐத் தொட வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும், முதன்மை வேலை செய்யும் (அதாவது ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்க்கும்) ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இது புள்ளிவிவரத்துக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். நிர்வாகம் ஊராட்சியிடமே இருக்கும், நிதியும் ஊரகக் கணக்கிலேயே வரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,097 நகரங்களில் 376 இப்படிப்பட்டவை.

'ஆண்களில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த அம்மாவின் ஊரில் ஆண்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். அவர்கள் எத்தனை பேர் வயலில் நின்றாலும் இந்த 75 சதவீதக் கணக்கு அசையாது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, அட்டை எப்போது செல்லாது? அரசாணை போட்டு ஊராட்சியைப் பேரூராட்சி ஆக்கினாலோ, பக்கத்து நகராட்சியோடு இணைத்தாலோதான். அப்போது நூறு நாள் வேலையும் ஊரக வீட்டுத் திட்டமும் போய்விடும், கிராம சபையும் இருக்காது. பதிலுக்கு நகர்ப்புறக் குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்களுக்கு வழி திறக்கும். சில ஊர்களுக்கு அது உண்மையிலேயே தேவை.

பெயர் மாறினால் பணம் வரும் வழியும் மாறும் என்பது அரசுக்கும் தெரியும். 2004-இல் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றினார்கள். ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பதே முக்கியக் காரணம். 2006-இல் அவை மறுபடி பேரூராட்சிகளாயின.

உங்கள் ஊரை இணைக்கும் பேச்சு வந்தால், எத்தனை வேலை அட்டைகள் நடப்பில் உள்ளன, அதில் பெண்கள் எத்தனை பேர் என்று ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதைக் கிராம சபைத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். ஆட்சேபம் சொல்லக் கெடு வைத்திருப்பார்கள். அதற்குள் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.