பிக்கப் வண்டில பின்னாடி டிரம் பிரேக்க டிஸ்க்கா மாத்தலாமா? சட்டம் என்ன சொல்லுது

பிக்கப் ஓட்டறவங்க நிறைய பேருக்கு இருக்கற ஆசை இது. முன்னாடி டிஸ்க் இருக்கு, பின்னாடி மட்டும் ஏன் இன்னும் டிரம், அதையும் மாத்திட்டா லோடு ஏத்திட்டு மலை இறங்கறப்போ தைரியமா இருக்குமேன்னு. ஆசை நியாயமானதுதான். ஆனா நம்ம நாட்டு சட்டப்படி இத நம்ம இஷ்டத்துக்கு பண்ண முடியாது, கிட் வாங்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டாகணும்.

மோட்டார் வாகன சட்டம் 1988, பிரிவு 52, அதுதான் வண்டிய மாத்தறத பத்தி பேசுது. கம்பெனி முதல்ல குடுத்த விவரத்துக்கும் ஆர்சில இருக்கற விவரத்துக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி ஓனர் வண்டிய மாத்தக்கூடாது, இதுதான் அதோட சாரம். 2019 ஜனவரில கேரளாவுல இருந்து வந்த ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்தி சொல்லிடுச்சு, மாநில விதி எதுவா இருந்தாலும் பிரிவு 52க்கு கீழதான்னு. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரின்னு எரிபொருள் மாத்தறதுக்கும், மாற்றுத்திறனாளிங்க ஓட்டற மாதிரி வண்டிய மாத்தறதுக்கும் அந்த பிரிவுலயே தனியா வழி விட்டிருக்காங்க. பிரேக்குக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல.

இங்கதான் எல்லாரும் ஒரு கேள்வி கேப்பாங்க. ஆர்சில என்ஜின் நம்பர், சேஸ் நம்பர், கலர், வீல்பேஸ், எடை எல்லாம் இருக்கு, டிரம்மா டிஸ்க்கான்னு ஒரு வரி கூட இல்லையே, அப்புறம் எந்த விவரம் மாறுதுன்னு. கேள்வி சரியாத்தான் இருக்கு, அதுவும் சட்டத்துல ஆல்டரேஷன்னா வண்டியோட அமைப்ப மாத்தி அதோட அடிப்படை அம்சம் மாறணும்னு விளக்கமே குடுத்திருக்காங்க. ஆனா அத நம்பி டிஸ்க்க மாட்டிடாதீங்க. 2019ல சட்டத்த திருத்தினப்போ 182ஏ-ன்னு ஒரு பிரிவு வந்துச்சு, அதுல 4வது உட்பிரிவுல, சட்டமும் விதிகளும் அனுமதிக்காத மாதிரி ஓனர் வண்டிய மாத்தினா, புதுசா பார்ட்ஸ் மாட்டி மாத்தறதும் சேர்த்து, 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா ஃபைன் இல்லன்னா ரெண்டும்னு போட்டிருக்கு. அங்க ஆர்சி விவரம்ங்கற பேச்சே இல்ல பாருங்க. அதுக்கு மேல, உங்க மாடல் விற்பனைக்கு வர்றதுக்கு முன்னாடி புனேல இருக்கற ஏஆர்ஏஐ மாதிரி ஒரு டெஸ்டிங் ஏஜென்சி அந்த பிரேக் செட்டப்ப ஃபுல் லோடுலயும் காலியாவும் ஓட்டி பாத்து அப்ரூவல் குடுத்திருக்கு. பின் ஆக்ஸில்ல டிஸ்க் போட்டா நீங்க ஓட்டறது அந்த அப்ரூவ் ஆன வண்டி இல்ல.

வெறும் காகித பிரச்சினைன்னு நினைக்காதீங்க. நிறைய பிக்கப்ல பின் ஆக்ஸிலுக்கு மேல சேஸ்ல ஒரு வால்வும் அதுல இருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பியும் போறத பாக்கலாம், எல்எஸ்பிவின்னு சொல்வாங்க. லோடு ஏறி பாடி கீழ இறங்க இறங்க அது பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட விடும், காலியா இருந்தா குறைச்சிடும், ஏன்னா காலி வண்டில பின் வீல் சட்டுனு லாக் ஆகி வண்டி சுத்திடும். அந்த அளவெல்லாம் டிரம்முக்காக வச்சது. டிரம்முக்குள்ள விரிஞ்சு உரசற ஷூவுல ஒண்ண வீல் சுத்தறதே இழுத்து அழுத்திக்கும், டிஸ்க்ல அது கிடையாது, அதனால அதே பிரேக் பிடிக்க கூட அழுத்தம் வேணும், டிஸ்க்க கவ்விப் பிடிக்கற காலிப்பரோட பிஸ்டன் பெருசுங்கறதால ஆயிலும் கூட போகணும், பெடல மிதிச்சா பிரேக் ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர் பழசே இருந்தா பெடல் ஆழமா இறங்கும். எல்லாத்தையும் சேர்த்து கணக்கு பண்ணாம மாட்டினா காலி வண்டியும் ஆபத்து லோடு வண்டியும் ஆபத்து.

ரொம்ப பேர் மறக்கறது ஹேண்ட் பிரேக். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல விதி 96 கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் ரெண்டுமே ஒழுங்கா வேலை செய்யணும்னு சொல்லுது. டிரம்ல ஹேண்ட் பிரேக் கேபிள் நேரா ஷூவ விரிச்சிடும். சாதா காலிப்பர் மாட்டினா கேபிள கோர்க்க இடமே இருக்காது, அதுக்குன்னே லீவர் வச்ச காலிப்பரோ, டிஸ்க் நடுவுல சின்ன டிரம் வச்ச செட்டோ வேணும். லோடோட மேட்டுல நிறுத்தினா நிக்கணும் இல்லையா, அது ஓனர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, கீழ நிக்கறவங்க உயிரு.

எஃப்சில, அதாவது வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்குன்னு குடுக்கற ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுக்கு போறப்போ, இது வெளிய வரும். சரக்கு வண்டிக்கு புதுசுல 2 வருஷம் எஃப்சி, அப்புறம் வண்டிக்கு 8 வருஷம் ஆகற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவ, அதுக்கு மேல வருஷா வருஷம். ஆட்டோமேட்டிக் டெஸ்டிங் ஸ்டேஷன்ல ரோலர் மேல வண்டிய ஏத்தி ஒவ்வொரு வீலும் எவ்வளவு பிடிக்குதுன்னு மெஷின் தனித்தனியா அளக்கும், இடது வலது வித்தியாசம் அதிகமா இருந்தா அங்கயே தெரிஞ்சிடும்.

அப்படியும் மாத்தியே ஆகணும்னா, கம்பெனிக்கு சேஸ் நம்பரோட எழுதி, உங்க மாடலுக்கு பின் டிஸ்க் அப்ரூவல் இருக்கான்னு லெட்டரா கேளுங்க. அந்த லெட்டரோட ஆர்டிஓவுக்கு எழுத்துல விண்ணப்பம் குடுங்க, பதிலும் எழுத்துல வாங்குங்க, கவுன்டர்ல வாயால சொல்றது நாளைக்கு உதவாது. அனுமதி கிடைச்சு மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்சியோட போய் தெரிவிக்கணும். ஹயர் பர்ச்சேஸ்ல இருக்கற வண்டின்னா ஃபைனான்ஸ்காரங்க கிட்டயும் எழுத்துல சம்மதம் வேணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க, சொல்லாம விட்டா ஆக்சிடென்ட் ஆனப்போ கிளெய்ம்ல அதையே பிடிச்சுக்குவாங்க.

கம்பெனி இல்லன்னு சொல்லிட்டா என்னோட கருத்து, விட்டுடுங்க. கம்பெனி சொன்ன அளவுலயே ஷூ மேல இருக்கற லைனிங், டிரம், ஷூவ தள்ளற வீல் சிலிண்டர், ஹோஸ் மாத்தறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். பாதி பேரோட பின் பிரேக் பிடிக்காததுக்கு காரணம் டிரம் இல்ல, தேஞ்ச லைனிங், அட்ஜஸ்ட் பண்ணாத ஷூ, ஒழுகற வீல் சிலிண்டர், துருப்பிடிச்சு அசையாத அந்த எல்எஸ்பிவி கம்பி. அடுத்த சர்வீஸ்ல டிரம்ம கழட்டச் சொல்லி பக்கத்துலயே நின்னு பாருங்க.