அருமண்ணா, அரிய பூமியா?

'அமிலச் சுரங்க வடிகாலில் அரிய பூமி கூறுகள்.' ஆங்கிலத்தில் 'ரேர் எர்த் எலிமென்ட்ஸ்' எனப்படும் 17 உலோகத் தனிமங்களைப் பற்றி இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இன்னொரு கிரகம் கிடைத்துவிட்டதோ என்றுதான் தோன்றும். வேதியியலில் 'கூறு' கிடையாது, தனிமம். அது சின்னப் பிழை. பெரிய பிழை, பூமி.

பழைய வேதியியலாளர்கள் தண்ணீரில் கரையாத, எளிதில் உருகாத ஆக்சைடுகளை 'எர்த்' என்றார்கள். சுவீடனின் இட்டர்பி ஊரில் 1787இல் கிடைத்த கறுப்புக் கல்லிலிருந்து 1794இல் வேதியியலாளர் கடோலின் அப்படியொன்றைக் கண்டறிந்தார். 'ரேர் எர்த்' என்ற பெயர் வளர்ந்த கதை இதுதான். ஆக, இங்கே எர்த் என்றால் மண். கால்சியம் வகையறாவைப் பள்ளிப் பாடநூலே 'காரமண் உலோகங்கள்' என்கிறது; யாரும் காரபூமி என்பதில்லையே! அதே வழியில் இது அருமண்.

"அருமண்களில் ஒன்றான சீரியம் கிட்டத்தட்டச் செம்பு அளவுக்குப் பாறைகளில் இருக்கிறதே, பிறகு 'அரு' எதற்கு?" என்பார்கள். 'அரு'வுக்குக் கடினம் என்றும் பொருள் உண்டு, அருஞ்சொல் நினைவிருக்கும். இந்த 17 தனிமங்களும் குணத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயர் கச்சிதம்.

சுரங்க நீருக்கு வந்தால் 'பூமி' இன்னும் திண்டாடும். நிலக்கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் சுற்றியுள்ள பாறையிலிருந்து அருமண்களைக் கரைத்து இழுக்கிறது. நீரில் ஒவ்வொரு அருமண்ணும் எவ்வளவு இருக்கிறது என்பதைக் களிப்பாறையோடு ஒப்பிட்டு, எடை வரிசையில் வரைபடம் போட்டால், பெரும்பாலும் சமாரியம் முதல் டிஸ்ப்ரோசியம் வரையுள்ள இடைநிலை அருமண்களில் ஒரு மேடு தெரியும். அதை 'நடுத்தர அரிய பூமி செறிவூட்டல்' என்று எழுதுகிறார்கள். 'இடை அருமண் மிகை' என்றால் முடிந்தது. சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைத் தணிக்கும்போது முதலில் இரும்பு படியும், அப்புறம் அலுமினியம். அருமண்களில் பெரும்பகுதி அலுமினியத்தோடும் அதற்குப் பின்னும் சேற்றில் இறங்கும். இதையும் 'பூமி படிகிறது' என்று எழுதுவார்களோ?

தலைப்பில் இருந்த அந்த 'வடிகால்' இன்னொரு பிழை. வடிகால் என்பது நீர் போகும் வழி. இங்கே பேச்சு நீரைப் பற்றி. அமிலச் சுரங்கநீர் என்றால் யாருக்குப் புரியாது? அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, தமிழில் அறிவியல் எழுத முடியாது என்று இவர்களே குறைபட்டுக்கொள்கிறார்கள்.