இரண்டு என்ஜின் படகு: எரிபொருளில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிகள்

ஒரு படகில் இரண்டு என்ஜின் வைப்பதே, நடுக்கடலில் ஒன்று நின்றுபோனாலும் இன்னொன்றை ஓட்டிக் கரை சேரலாம் என்பதற்காகத்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே வடிகட்டி வழியாக எரிபொருள் போனால், அது அடைபடும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கும். அதுவும் மோசமான நாளில்தான் நடக்கும். டேங்கின் அடியில் படிந்து கிடக்கும் தண்ணீரும் சேறும் கலங்கி மேலே வருவது அலை தூக்கிப் போடும்போதுதானே! ஆகவே ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி வடிகட்டி கட்டாயம். டேங்க் ஒன்றே என்றாலும் உறிஞ்சு குழாய் இரண்டாக இருக்க வேண்டும்.

எரிபொருள் ஊற்றும் மூடியின் ஓ-ரிங் வெடித்திருந்தால் மேல்தளத்தில் விழும் நீர் நேரே டேங்குக்குள் இறங்கும். டேங்கின் காற்றுக்குழாயின் வாய் தாழ்வாக இருந்தால் அலை அதற்குள் அடிக்கும். சில நேரம் வாங்கும் எரிபொருளோடு சேர்ந்தே தண்ணீர் வரும். டீசலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் சுமார் 0.84 பங்கு, பெட்ரோல் அதைவிட இலேசு. அதனால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து வழவழப்பான கருப்புப் பாசியாகும். வடிகட்டியை அடைப்பது பெரும்பாலும் இந்தப் பாசிதான்.

டீசல் படகுகளில் பரவலாக இருக்கும் வடிகட்டி வகையில், உள்ளே வரும் டீசலைச் சாய்வான இதழ்கள் சுழற்றிவிடுகின்றன. கனமான நீர்த்துளிகள் சுவரில் மோதிக் கீழேயுள்ள கிண்ணத்தில் இறங்குகின்றன. பிறகு டீசல் திசை திரும்பி, நீர் ஒட்டாத பூச்சு பூசிய தாள் வழியாக மேலே ஏறுகிறது. தாளைத் தாண்ட முடியாத நுண்துளிகள் அதன் மேல் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து விழுகின்றன.

இந்தப் பருத்தலில்தான் சூட்சுமம் இருக்கிறது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் அது இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். அசையாத டீசலில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 9 மணி நேரம் எடுக்கும். 100 மைக்ரான் துளிக்கு 6 நிமிடம் போதும். டீசல் மேலே ஏறும் வேகம் துளி இறங்கும் வேகத்தை மிஞ்சினால் துளியும் கூடவே ஏறிவிடும். சிறிய வடிகட்டியைப் பெரிய என்ஜினில் மாட்டினால் தண்ணீர் பிரியாததற்குக் காரணம் இதுதான்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது என்ஜின் எரிக்கும் டீசலை மட்டும் கணக்கில் எடுப்பது பலரும் செய்யும் தவறு. மணிக்கு 40 லிட்டர் எரிக்கும் என்ஜின் 100 லிட்டருக்கு மேல் இழுத்து, மீதியை ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே அனுப்பலாம். வடிகட்டி தாங்க வேண்டியது இழுக்கும் மொத்த அளவை. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் (டேங்கிலிருந்து எரிபொருளை இழுக்கும் பம்ப்) நடுவில் வரும் முதல் வடிகட்டியின் தாளுக்கு 10 அல்லது 30 மைக்ரான் துளை சரி. என்ஜினிலேயே 2 மைக்ரான் அளவில் இன்னொன்று இருக்கும். முதலிலேயே 2 மைக்ரான் போட்டால் எல்லா அழுக்கையும் அதுவே சுமந்து சீக்கிரம் அடைபடும். படகின் பின்புறம் வெளியே மாட்டும் பெட்ரோல் என்ஜின்களான அவுட்போர்டுகளுக்கு வழக்கமாக 10 மைக்ரான்.

குழாய் வரிசை இப்படி அமையட்டும்: டேங்க், அடைப்பு வால்வு, வடிகட்டி, வாக்கம் கேஜ் (பம்ப் எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறது என்று முள்ளால் காட்டும் அளவி), ஃபீட் பம்ப். இரண்டு டேங்குக்கும் குறுக்கு இணைப்பு வைத்தால் ரிட்டர்ன் லைனுக்கும் அதேபோல் வால்வு வேண்டும். இரண்டு என்ஜினும் இடது டேங்கில் இழுக்க, வலது என்ஜினின் ரிட்டர்ன் வலது டேங்குக்கே போனால், அது நிரம்பிக் காற்றுக்குழாய் வழியாக டீசல் கடலில் வழியும்.

வடிகட்டியைச் செங்குத்தாக, புகைக்குழாய்ச் சூட்டுக்கு எட்டாத இடத்தில் பொருத்துங்கள். கீழே வடிகுடுவை வைக்கவும் மேலே தாள் உருளையை உருவவும் இடம் விடுங்கள். மூடிய என்ஜின் அறைக்குள் பெட்ரோல் வடிகட்டி என்றால் வெறும் பிளாஸ்டிக் கிண்ணம் கூடவே கூடாது. தீயில் அது உருகினால் பெட்ரோல் முழுவதும் தீயில் கொட்டும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல் பிய்ந்து உள்ளே போய்ச் சிக்கும். எரிபொருளைத் தாங்கும் திரவ சீலன்ட் பூசுங்கள், முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு. திருகி மாட்டும் வகையில், பழைய ரப்பர் வளையம் வடிகட்டி மாட்டும் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால் கட்டாயம் கசியும். புது வளையத்தில் எண்ணெய் தடவி, தலையைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

பம்புக்கு முன்னால் உள்ள கசிவு கண்ணில் படாது. அங்கே எரிபொருள் வெளியே சொட்டுவதற்குப் பதில் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. 'ஏர் பிடித்துவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்: மெதுவாக ஓடும் என்ஜின் வேகம் கூட்டினால் திணறும். சந்தேகம் வந்தால் வடிகட்டிக்குப் பிறகு ஒரு சாண் ஒளி ஊடுருவும் ஹோஸைச் சோதனைக்காக மட்டும் மாட்டிப் பாருங்கள். குமிழிகள் ஓடினால் கசிவு அதற்கு முன்னால் இருக்கிறது.

தண்ணீர் வடிக்கும்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது திறந்தால் அதுவும் காற்றை இழுக்கும். வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவான கோடு விழுந்தால் கோட்டுக்குக் கீழே இருப்பது தண்ணீர். எத்தனால் 10 விழுக்காடு கலந்த பெட்ரோல் இதில் வேறு மாதிரி. 100 லிட்டரில் சுமார் அரை லிட்டர் வரை நீர் கரைந்தே இருக்கும். கரைந்த நீரை வடிகட்டி பிடிக்காது. அதற்கு மேல் போனால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். அந்த பெட்ரோலை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

புது வடிகட்டி மாட்டிய அன்றே முழு வேகத்தில் ஓட்டி, இரண்டு வாக்கம் கேஜின் அளவையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு பக்க முள் மட்டும் ஏறினால் அடைப்பு அந்தப் பக்க வடிகட்டியிலோ குழாயிலோதான். ஒரே டேங்கில் இழுக்கும் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறினால், வடிகட்டியை மாற்றிவிட்டு டேங்கைத் திறந்து கழுவ வேண்டும்.