மூலைவிட்டம் சரியாக இருந்தால் சேஸ் நேராகிவிட்டதா?

போன வாரம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்து ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர் என் பட்டறைக்கு வந்தது. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து வாங்கியது. அண்ணன் மட்டும்தான் வந்தார். தம்பி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு வீட்டில் படுத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். டிரெய்லரின் சேஸை, அதாவது அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தை, டேப் வைத்து மூலைக்கு மூலை அளந்திருக்கிறார்கள். இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வித்தியாசம் வந்திருக்கிறது. ஒரு மூலையை வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டி, எதிர் மூலையை டிராக்டரில் மாட்டி இழுத்தார்கள். கொக்கி நழுவி, சங்கிலி சுழன்று வந்து தம்பியின் காலில் அடித்தது. அதற்குப் பிறகும் விடாமல் இன்னொரு முறை இழுத்து அளவைச் சரிசெய்திருக்கிறார்கள்.

"மூலைக்கு மூலை கரெக்டா கீது மேஸ்திரி. ஆனா ஒரு சக்கரம் மட்டும் தரையில ஒக்கார மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இப்படி அடிபட்டு என் பட்டறைக்கு வருவது இந்த ஆண்டில் இது மூன்றாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணே, மூலைவிட்டம் சரியாக இருப்பதற்கும் சேஸ் முறுக்கில்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் போய்ப் பாருங்கள். நான்கு காலில் ஒன்று தரையைத் தொடாமல் லொடக் லொடக் என்று ஆடும். அதன் சட்டத்தை மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும். கட்டில் ஆடுவது மட்டும் நிற்காது. மூலைவிட்டம் காட்டுவது சட்டம் செவ்வகமாக இருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்பதை மட்டும். ஒரு மூலை மேலே தூக்கிக்கொண்டிருப்பது அதில் தெரியாது.

கணக்குப் போட்டே சொல்கிறேன். பத்தடி நீளம், ஆறடி அகலமுள்ள சேஸுக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 3,550 மில்லிமீட்டர். அதில் ஒரு மூலை முழுதாக ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டிருந்தால் மூலைவிட்டம் எவ்வளவு மாறும்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்த டேப் அதைக் காட்டும்? ஒரு அங்குல முறுக்கோடு கரும்பு ஏற்றினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். அப்படிப்பட்ட கோளாறைத்தான் டேப் 'சரி' என்று சொல்லிவிடுகிறது.

முறுக்கைப் பார்க்க இரண்டு நூல் கயிறு போதும். நான்கு மூலையிலும் ஒரே உயரத்தில் துண்டு ஆங்கிள் (L வடிவ இரும்பு) வைத்து, எதிரெதிர் மூலைகளுக்கு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். முறுக்கில்லை என்றால் நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டு நிற்கும். இடைவெளி தெரிந்தால் அதை இரண்டால் பெருக்குங்கள், அந்த அளவுக்கு ஒரு மூலை தூக்கியிருக்கிறது. இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கீழ் நூல் மேல் நூலை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாலும் 'தொடுகிறது' என்றுதான் தோன்றும். அதனால் மேலே போகும் நூலைக் கீழே மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயிலும் இதைப் பார்க்கலாம், குழாய்க்குள் காற்றுக் குமிழ் மட்டும் இருக்கக்கூடாது.

அளப்பதற்கு முன் சக்கரம், ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை எல்லாம் கழன்றிருக்கவேண்டும். நான்கு கல்லின் மேல் வைத்து அளக்காதீர்கள். சேஸில் இருக்கும் சி சேனல் (C வடிவ இரும்பு) முறுக்குக்கு வளைந்துகொடுக்கிற இரும்பு. தரை கோணலாக இருந்தால் நல்ல சேஸும் அதன் மேல் கோணலாகத்தான் உட்காரும். முன்பக்கம் இரண்டு மூலையிலும் முட்டுக் கொடுத்து ரசமட்டம் பாருங்கள். பின்பக்கம் நட்டநடுவில் ஒரே ஒரு முட்டு. இப்போது பின்மூலைகள் எப்படி நிற்கின்றனவோ அதுதான் உண்மையான முறுக்கு. இதைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். வேலூர் வெயிலில் ஒரு பக்கம் காய்ந்த சேனல் மதியம் வேறு அளவு காட்டும்.

சரி, முறுக்கு இருக்கிறது. உடனே ஜாக்கியைத் தூக்காதீர்கள். எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் தேடுங்கள். என் கைக்கு வந்த சேஸ்களில் பாதிக்கு மேல் நீளச் சேனலில் குறை இருந்ததில்லை. எப்போதோ வண்டி கோணலாக நின்றபோது யாரோ குறுக்குச் சேனலையும் தரைத் தகட்டையும் அப்படியே வெல்டிங் அடித்திருப்பார்கள். அந்த வெல்டிங்கை கிரைண்டரில் அறுத்தால் சேனல் தானாகவே பாதி தூரம் திரும்பிவிடும். அறுக்காமல் இழுத்தால் சங்கிலிக்கும் உங்கள் காலுக்கும்தான் ஆபத்து.

மீதி முறுக்கை எடுக்க, தூக்கிக்கொண்டிருக்கும் மூலையைத் தரையோடு சேர்த்துக் கட்டி, அதே முனையில் எதிர்ப் பக்கத்தில் தாழ்ந்திருக்கும் மூலைக்கு மெதுவாக ஜாக்கி கொடுங்கள். விசை மேலும் கீழும் போகவேண்டும். படுக்கை வாட்டத்தில் இழுத்து யாரும் முறுக்கெடுத்ததில்லை. விட்டால் கொஞ்சம் திரும்பிப் போகும், அதனால் தேவைக்கு மேல் சிறிது முறுக்கித்தான் விடவேண்டும். ஒவ்வொரு முறையும் ஜாக்கியை முழுக்க இறக்கிவிட்டு நூலைப் பாருங்கள். அரை நாள் ஆகும். ஆகட்டும்.

சிவக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாதாரண இரும்பை 650 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக்கூடாது. அந்தச் சூட்டில் வரும் மங்கிய சிவப்பு நிழலில்தான் தெரியும். வெட்டவெளியில் வைத்துக் காய்ச்சுகிறவர், சிவப்பு தெரியவில்லையே என்று காய்ச்சிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தெரியும்போது அளவு தாண்டியிருக்கும். அதற்கு மேல், பழைய டிரெய்லரில் என்னென்ன இரும்பு ஒட்டியிருக்கிறது என்று வெளியே தெரியாது. லாரி சேஸ் துண்டு இருக்கும், ஸ்பிரிங் பட்டையை வெட்டி வைத்த முட்டு இருக்கும். அதைச் சிவக்கவைத்துத் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி மாதிரி ஆகி, பாரம் ஏறிய பிறகு வெடிக்கும். இரண்டு முனையும் அடைத்த குழாய் இருந்தால் ஓட்டை போடாமல் நெருப்புக் காட்டவே கூடாது. உள்ளே கொஞ்சம் மழைத்தண்ணீர் இருந்தாலும் போதும், ஆள் போய்விடும்.

சங்கிலியை நட்டு போல்ட் போட்டு இணைக்காதீர்கள். விறைப்பாக நிற்கும் சங்கிலியின் நேரே, முன்னாலோ பின்னாலோ, யாரும் நிற்கக்கூடாது. அதன் மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள், அறுந்தாலும் வேகம் குறையும். பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். ஜாக்கிக்கும் இரும்புக்கும் நடுவே கட்டை வைத்தே ஆகவேண்டும், இரும்பின் மேல் இரும்பு வழுக்கும்.

ஐந்து மில்லிமீட்டர் கனம் இருந்த சேனல் துரு தின்று மூன்றாகியிருந்தால், அல்லது போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், நிமிர்த்தாதீர்கள். அந்தச் சேனலை மாற்றிவிடுங்கள். செலவுதான், தெரியும். ஆனால் இதே டிரெய்லரில்தான் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்குக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். டிரெய்லரில் ஆளே ஏற்றக்கூடாது என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அந்த அணைக்கட்டு டிரெய்லரை மூன்று முட்டின் மேல் வைத்து நூல் கட்டினேன். நடுவில் அரை அங்குல இடைவெளி. பின்னாலிருந்த இரண்டு குறுக்குச் சேனலின் வெல்டிங்கை அறுத்தேன். ஜாக்கியே வைக்கவில்லை, இடைவெளி ஒரு நூல் அளவுக்கு, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கு, வந்துவிட்டது. அண்ணன் நெடுநேரம் கட்டியிருந்த அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தம்பிக்குப் போன் போட்டார்.