சூடு இல்லை, பூஞ்சை: வெள்ளைப்படுதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூடலூர்ப் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் துணி காயாது. தேயிலை பறிக்கும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மழையில் நிற்கிறார்கள். வெளியே மழை, உள்ளே வியர்வை; உள்ளாடை ஈரம் மாறுவதே இல்லை. "கீழே ஒரே அரிப்பா இருக்குதுக்கா" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னால், "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவெச்சுச் சாப்பிடு" என்றுதான் பதில் வரும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் பூஞ்சை பல பெண்களின் பிறப்புறுப்பில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. கூடவே குடியிருக்கும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள், தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தைச் சுரந்து மற்றக் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. சளிக்கோ காய்ச்சலுக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது இவையும் சேர்ந்து சாகலாம். கர்ப்ப காலத்திலும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அப்போது அதன் உருண்டைச் செல்கள் நூல் நூலாக நீண்டு தோலுக்குள் இறங்கும். அந்த நூல்கள் கேண்டிடாலைசின் என்ற நச்சைக் கக்குவதை 2016இல் கண்டுபிடித்தார்கள். செல்கள் புண்ணாகி, உடம்பு அதை எதிர்க்கக் கிளம்பும்போதுதான் சிவப்பும் வீக்கமும் அரிப்பும் வருகின்றன.

அதனால் முதல் அடையாளம் அரிப்புதான். ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. சிறுநீர் பட்டால் வெளித்தோல் எரியும், உறவின்போது வலிக்கும். வெள்ளை கெட்டியாக, திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வரலாம். சிலருக்கு அதுவும் இருக்காது. நாற்றம் அநேகமாக இராது. மீன் கவிச்சி வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்து வந்தால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். பூஞ்சைக்கான மருந்து மற்ற இரண்டுக்கும் கேட்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவதில் இருக்கும் சிக்கலே இதுதான். டாக்டர் ஒரு பஞ்சுக் குச்சியால் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சோப்போ டெட்டாலோ போட்டு உள்ளே கழுவவே கூடாது. எரிச்சல் கூடும், நல்ல பாக்டீரியாவும் போய்விடும். கர்ப்பமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தானாக விழுங்கக் கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையைத்தான் டாக்டர்கள் வழக்கமாகத் தருவார்கள். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் கூச்சப்படாமல் ரத்தத்தில் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.