ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஏர்பேக்

ஈஸ்டர் வந்தால் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோவில் தீமிதிக்கு ஜோகன்னஸ்பர்க் உறவுக்காரர்கள் எல்லாம் என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கு இறங்கி வருவார்கள். அது முடிந்த கையோடு எனக்கு வேலை கூடிவிடும். விபத்தில் சிக்கிய வண்டிகளை இன்சூரன்ஸுக்காக மதிப்பிடுவது என் தொழில். நசுங்கிய பானெட், உடைந்த விளக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்ததும், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தரையில் குந்திக்கொள்வேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பேனலைப் பார்க்கத்தான். ஓட்டியவரின் கால் என்ன பாடு பட்டிருக்கும் என்று அந்தப் பிளாஸ்டிக் பலகையே சொல்லிவிடும்.

பழைய வண்டி என்றால் அதில் முழங்கால் இடித்த பள்ளம் இருக்கும். சில சமயம் பேனல் பிளந்து உள்ளேயிருக்கும் இரும்புத் தாங்கி தெரியும். முழங்கால் ஏர்பேக் உள்ள வண்டியில் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் துணிப்பை சுருங்கித் தொங்கும்.

முழங்காலில் அடிபட்டால் என்ன, தலை தப்பியதே என்பார்கள். தலை தப்பியது பெரிய விஷயம்தான். ஆனால் உட்கார்ந்த நிலையில் முழங்காலில் விழும் இடி அங்கேயே நிற்பதில்லை. தொடை எலும்பு வழியாக நேரே இடுப்புக்குப் போகிறது. தொடை எலும்பு உடையலாம். இடுப்பு மூட்டு பின்பக்கமாகக் கழன்று, அதன் குழியின் விளிம்பும் சேர்ந்து நொறுங்கலாம். கழன்ற மூட்டைச் சில மணி நேரத்துக்குள் பொருத்தாவிட்டால் எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது மெல்ல அழிந்துபோகும் அபாயம் கூடுகிறது. எலும்புக்கு ஒன்றும் ஆகாமல் முழங்காலுக்குள் இருக்கும் பின்பக்கத் தசைநார் மட்டும் கிழிவதும் உண்டு. டாக்டர்கள் இதை டாஷ்போர்டு காயம் என்றே சொல்வார்கள். அன்றைக்கு வீங்கிய காலோடு ஆள் வீட்டுக்கு நடந்து போய்விடுவார். அப்புறம் படி இறங்கும்போதுதான் கால் தளர்வது தெரியும். எனவே டாஷ்போர்டில் முழங்கால் இடித்திருந்தால், நடக்க முடிகிறதே என்று விடாமல் இடுப்பையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சரி, இந்தப் பை என்ன செய்கிறது? முன்பக்க மோதலை சென்சர் உணர்ந்ததும், ஒரு விநாடியில் நூற்றில் சில பங்கு நேரத்துக்குள் அது விரிந்து, காலுக்கும் பேனலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பிவிடுகிறது. இடி ஒரு புள்ளியில் விழாமல் பரவுகிறது. சாவித் துவாரம், ஸ்டியரிங் தண்டு போன்ற கெட்டியான பாகங்களில் கால் நேராக மோதுவது குறைகிறது.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அது யாருக்கும் தோன்றாது. மோதலில் உடம்பு சாய்வு நாற்காலியில் வழுக்கும் குழந்தையைப் போல முன்னால் சறுக்கும். அப்படிச் சறுக்கினால் இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டிய சீட் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். வயிற்றில் குடல் போன்ற மெல்லிய உறுப்புகள்தான் இருக்கின்றன, முன்னால் தாங்க எலும்பு கிடையாது. முழங்கால் முன்னாலேயே தடுக்கப்படும்போது இடுப்பு தன் இடத்தில் நிற்கிறது, பெல்ட்டும் எலும்பிலேயே தங்குகிறது. மார்பும் தலையும் ஸ்டியரிங் ஏர்பேக்கில் சரியான கோணத்தில் போய்ப் பதிகின்றன. ஆக, முழங்காலைப் பிடிப்பதே மேல் உடம்புக்காகவும்தான்.

இந்த ஏர்பேக் 1996-லேயே கியா ஸ்போர்டேஜில் வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2003-ல் டொயோட்டா அவென்சிஸ் மூலம் பேர் வாங்கியது. நம் ஊர் ப்ரொஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் தயாராகும் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் மாடல்கள் பலவற்றிலும் இருக்கிறது. பேனலின் ஓரத்தில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று சின்னதாகப் பொறித்திருக்கும்.

போன மாதம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸைச் சேர்ந்த ஒரு பையன், "அங்கிள், இதில் ஏழு ஏர்பேக் இருக்கு, முழங்காலுக்குக்கூட இருக்கு, வாங்கலாம்தானே?" என்று கேட்டான். எண்ணிக்கையைப் பார்த்து வண்டி வாங்காதே என்றேன். காரணம் இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்க அமைப்பு 2019-ல் 400-க்கும் மேற்பட்ட மோதல் சோதனைகளையும் 14 மாநிலங்களில் நடந்த உண்மையான விபத்துகளையும் அலசியது. முழங்கால் ஏர்பேக் உள்ள வண்டிகளில் காயமடையும் வாய்ப்பு 7.9 சதவீதத்திலிருந்து 7.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்கிற அளவுக்குத்தான் இருந்தது. முன்பக்கத்தின் ஒரு ஓரம் மட்டும் இடிபடும் சோதனையில் முழங்காலுக்குக் கீழேயும் வலது தொடை எலும்பிலும் காயமடையும் அபாயம் கூடவே செய்தது. அமெரிக்க விதிப்படி பெல்ட் போடாத பொம்மைகளை வைத்தும் சோதிக்க வேண்டியிருப்பதால், அதில் தேறவும் தயாரிப்பாளர்கள் இதைப் பொருத்துகிறார்கள். பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டும் வண்டியின் உடற்கூடும் செய்யும் வேலைக்கு இது துணை, அவ்வளவுதான்.

பெல்ட் போட்டிருந்தாரா என்று ஓட்டுநரிடம் நான் கேட்பதே இல்லை. தோளுக்கு மேலே பெல்ட் திரும்பும் வளையத்தில் பிளாஸ்டிக் உரசி உருகிய கோடு இருக்கும், கொக்கியின் நாக்கிலும் தழும்பு விழுந்திருக்கும். இரண்டும் புதுசு போலப் பளபளத்தால் பெல்ட் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

உட்காரும் தூரமும் முக்கியம். குள்ளமான ஆன்ட்டிமார் பெடல் எட்டுவதற்காக முழங்கால் பேனலில் உரசும்படி சீட்டை இழுத்துக்கொள்கிறார்கள். பை விரிய அங்கே இடமே இருக்காது. காலுக்கும் பேனலுக்கும் நடுவே 10 செ.மீ. விடச் சொல்லும் கையேடுகள் உண்டு. மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 செ.மீ. வேண்டும். சீட்டை உயர்த்தி, ஸ்டியரிங்கைத் தாழ்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சாவியோடு இரும்பு வேல், பாட்டில் திறப்பான், வீட்டு கேட் ரிமோட் என்று கொத்தாகத் தொங்கவிடுவதையும் நிறுத்துங்கள். பை விரியும் இடத்துக்கு நேர் மேலேதான் அந்தக் கொத்து ஆடுகிறது.

நம் நாட்டுக்கே உரிய தொல்லை இன்னொன்று. வண்டித் திருட்டுக்குப் பயந்து, வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர், திருடன் இன்ஜினைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் இம்மொபிலைசர் எல்லாம் போடுகிறோம். பொருத்துகிறவர் முதலில் கழற்றுவது இந்தப் பேனலைத்தான். உள்ளே மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் வயர். அதில் கை வைக்கவோ, அதன்மேல் பெட்டியைக் கட்டவோ கூடாது. வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோட் 3 வண்டி, அதாவது விபத்துக்குப் பிறகு மீண்டும் கட்டியது, வாங்குகிறீர்களா? பதிவுச் சான்றிதழில் அந்தக் கோட் எண் இருக்கும். ஏர்பேக் எல்லாம் வெடித்துவிட்டால் புதுசு போடும் செலவு கையைக் கடிக்கும் என்பதால், பையே இல்லாமல் பேனலை மட்டும் ஒட்டி விற்கிறவர்கள் உண்டு. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள். அணையாமல் இருந்தால் கோளாறு. ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் நம்பிவிட முடியாது, பைக்குப் பதில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்பாகத்தைச் சொருகி வண்டியின் கணினியை ஏமாற்றிவிடலாம். பேனலைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஃபீனிக்ஸ் பையன் பார்த்து வைத்திருந்ததும் கோட் 3 தான். கழற்ற விடமாட்டேன் என்றாராம் விற்பவர்.