எடை குறைக்கும் ஊசிகளும் மரபணுக்களும்

எடை குறைக்கும் ஊசி மருந்துகளில் எது கூடுதலாக வேலை செய்கிறது என்ற கேள்விக்கு நேரடியான விடை 2025ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் உடற்பருமன் உள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 751 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குச் செமாகுளுடைடும் மற்றக் குழுவினருக்கு டிர்செபடைடும் வாரத்துக்கு ஒரு முறை கொடுத்து வந்தார்கள். 72 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, செமாகுளுடைடு எடுத்தவர்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 13.7 சதவீதத்தையும், டிர்செபடைடு எடுத்தவர்கள் 20.2 சதவீதத்தையும் இழந்திருந்தார்கள். முதல் மருந்து வெகோவி என்ற பெயரிலும் இரண்டாவது மவுஞ்சாரோ என்ற பெயரிலும் 2025ஆம் ஆண்டு இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன.

சராசரியை வைத்து மருந்துகளை ஒப்பிடலாம். ஆனால் ஊசி போட்டுக்கொள்பவர் சராசரி மனிதர் அல்லர். செமாகுளுடைடுக்கு ஒப்புதல் கிடைக்க அடிப்படையாக அமைந்த, 1,961 பேர் பங்கேற்று 2021இல் வெளியான ஆய்வில் சராசரி எடையிழப்பு 14.9 சதவீதம். அதே ஆய்வில், அதே மருந்தை எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 20 சதவீதத்துக்கும் மேல் எடை குறைந்தார்கள். ஏழு பேரில் ஒருவருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. இரண்டு மருந்துகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே மருந்தை எடுக்கும் இரண்டு மனிதர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்க முடியும் என்பதே இதன் பொருள். அந்த வித்தியாசத்தில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதைப் புரிந்துகொள்ள, இம்மருந்துகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நாம் சாப்பிட்டவுடன் குடலின் உட்சுவரில் உள்ள சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்கும் பின்மூளைக்கும் ‘போதும்’ என்ற தகவலைச் சேர்க்கிறது. இயற்கையான ஜிஎல்பி-1ஐ ஊசியில் ஏற்றினால் பயன் கிடைக்காது. ஏனெனில் ரத்தத்தில் உள்ள டிபிபி-4 என்ற நொதி அதை வெட்டிவிடுவதால், இரண்டு நிமிடங்களுக்குள்ளேயே பாதி அழிந்துவிடும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் வாழும் கீலா பல்லியின் நஞ்சில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்து, ஆனால் இந்த நொதிக்கு எளிதில் சிக்காத ஒரு புரதத்துணுக்கை ஜான் எங் என்ற மருத்துவ ஆய்வாளர் 1992இல் கண்டறிந்தார். அதன் வழியாக உருவான எக்ஸெனடைடு 2005இல் சர்க்கரை நோய் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை நாளுக்கு இரண்டு முறை போட வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மருந்தை ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கவைக்கும் முயற்சிதான். ஜிஎல்பி-1ஐ ஒத்த லிராகுளுடைடு என்ற மருந்தில் ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியை இணைத்தார்கள். அது ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் மருந்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி அழிய ஆகும் நேரம், ஏறத்தாழ 13 மணி நேரமாக உயர்ந்து, நாளுக்கு ஓர் ஊசி போதும் என்றானது. அதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைடில் டிபிபி-4 நொதி வெட்டும் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, இன்னும் நீளமான சங்கிலியையும் சேர்த்ததால் அரை ஆயுள் ஒரு வாரமானது. நீண்ட நேரம் தங்குவது வெறும் வசதி மட்டுமல்ல: 338 பேரிடம் நடந்த நேரடி ஒப்பீட்டில் லிராகுளுடைடு 6.4 சதவீதமும் செமாகுளுடைடு 15.8 சதவீதமும் எடையைக் குறைத்தன.

டிர்செபடைடு வேறு வகையைச் சேர்ந்தது. குடல் சுரக்கும் மற்றொரு ஹார்மோனான ஜிஐபியின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, 39 அமினோ அமிலங்களால் கட்டப்பட்ட இந்த மூலக்கூறு, ஹார்மோனின் செய்தியைச் செல்லின் மேற்பரப்பில் வாங்கிக்கொள்ளும் புரதங்களான ஜிஐபி ஏற்பி, ஜிஎல்பி-1 ஏற்பி ஆகிய இரண்டையும் தூண்டுகிறது. இரண்டில் ஜிஎல்பி-1 ஏற்பியை அது சற்றுப் பலவீனமாகவே பற்றுகிறது என்பதும், அப்படியிருந்தும் எடையைக் கூடுதலாகக் குறைக்கிறது என்பதும் ஆய்வாளர்களுக்குப் பெரும் கேள்வியாக இருந்தன. விடையின் ஒரு பகுதி, ஏற்பி தூண்டப்பட்ட பிறகு செல்லுக்குள் நடப்பதில் இருக்கிறது. வழக்கமாக, ஏற்பி தூண்டப்பட்டதும் பீட்டா அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, அந்த ஏற்பியைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடும்; ஓயாமல் ஒலிக்கும் அழைப்பு மணியை வீட்டுக்காரர் கழற்றி உள்ளே வைத்துவிடுவது போன்ற செயல் இது. டிர்செபடைடு ஜிஎல்பி-1 ஏற்பியைத் தூண்டும்போது பீட்டா அரெஸ்டினை மிகக் குறைவாகவே வரவழைக்கிறது. அதனால் ஏற்பிகள் மேற்பரப்பிலேயே தங்கி, செய்தியைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கின்றன.

மரபணு ஆய்வுகளும் இதே பீட்டா அரெஸ்டின் புரதத்தில் வந்து நின்றன என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஜிஎல்பி-1 வகை மருந்துகளை எடுத்துக்கொண்ட 4,571 சர்க்கரை நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, இரண்டு இடங்களைச் சுட்டிக்காட்டியது. முதலாவது, ஜிஎல்பி-1 ஏற்பியின் மரபணு. அந்த ஏற்பியின் 168ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக செரின் இருப்பவர்களுக்கு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சற்றே குறைவாக இறங்கியது. மாறிய மரபணுவின் ஒவ்வொரு பிரதிக்கும் 0.08 சதவீதப் புள்ளி என்ற சிறிய வேறுபாடு அது. இரண்டாவது, பீட்டா அரெஸ்டின்-1 புரதத்தைத் தயாரிக்கும் மரபணு. அதில் அரிதான சில மாற்றங்களைக் கொண்டவர்களுக்கு எச்பிஏ1சி மற்றவர்களைவிட ஏறத்தாழ 0.6 சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடுதலாக இறங்கியது. மருந்து வேதியியலாளர்கள் மூலக்கூறை மாற்றிச் சாதித்ததை, இயற்கை சில மனிதர்களிடம் மரபணு எழுத்தை மாற்றிச் செய்திருக்கிறது என்று இதை வாசிக்கத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வு அளந்தது சர்க்கரையை, எடையை அல்ல. அதில் இருந்தவர்களும் ஐரோப்பிய வம்சாவளியினர்.

எடையைப் பார்த்தபோது படம் மங்கலானது. மக்களின் மரபணு, மருத்துவத் தரவுகளைச் சேமித்துவைக்கும் ஆறு நாடுகளின் உயிரிவங்கிகளிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2025இல் ஒரு சர்வதேசக் குழு ஆராய்ந்தது. ஜிஎல்பி-1 ஏற்பியின் மரபணு மாற்றங்களுக்கும் எடையிழப்புக்கும் உறுதியான தொடர்பு அதில் புலப்படவில்லை. பருமனுக்கான ஏராளமான மரபணுச் சிறுமாற்றங்களைக் கூட்டிக் கணிக்கும் மதிப்பெண்ணும் இம்மருந்துகளின் பலனை முன்கூட்டியே சொல்லவில்லை. ஒருவர் ஏன் பருமனானார் என்பதை விளக்கும் மரபணுக்களும், அவர் மருந்துக்கு எப்படி இளைப்பார் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜிஐபி ஏற்பியே இதற்குச் சான்று: அதைத் தூண்டும் டிர்செபடைடும் எடையைக் குறைக்கிறது, அதை அடைத்துவிட்டு ஜிஎல்பி-1 ஏற்பியைத் தூண்டும் வேறொரு சோதனை மருந்தும் எடையைக் குறைக்கிறது. ஒரு மரபணுவைப் பார்த்த மாத்திரத்தில் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஏற்பியை விட்டுவிட்டு நடத்தையிலிருந்து தொடங்கிய அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழுவினரின் வழி எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. பருமன் உள்ளவர்களை அழைத்து, லசானியா, புட்டிங், பால் ஆகியவற்றை முன்னால் வைத்து, வயிறு முழுவதும் நிறையும்வரை சாப்பிடச் சொன்னார்கள். சிலர் 140 கலோரியிலேயே போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலருக்கு 2,000 கலோரிக்கு மேல் தேவைப்பட்டது. இந்த நிறைவு அளவோடு தொடர்புடைய மரபணுக்களைக் கொண்டு ஒரு மதிப்பெண்ணை உருவாக்கி, மருந்துகளோடு ஒப்பிட்டார்கள். நிறைவு சீக்கிரம் வரும் தன்மை உடையவர்களுக்கு லிராகுளுடைடு ஊசி நன்றாக வேலை செய்தது. நிறைவு தாமதமாக வருபவர்களுக்கு ஃபென்டர்மின், டோபிராமேட் இரண்டும் கலந்த மாத்திரை கூடுதலாக உதவியது. 2025இல் வெளியான இந்த முடிவை இன்னும் பெரிய, பல்வேறு இனத்தவர் அடங்கிய ஆய்வுகள் உறுதிசெய்ய வேண்டும். ஆனால் எது சிறந்த மருந்து என்ற கேள்வியை, யாருக்கு எது என்று திருத்திக் கேட்டதற்காகவே இதை மதிக்க வேண்டும்.

மரபணு அல்லாத காரணங்கள் இப்போதைக்கு வலுவாகவே தெரிகின்றன. பெண்களுக்கு ஆண்களைவிடச் சராசரியாகக் கூடுதலாக எடை குறைகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பலன் குறைவு: அவர்களிடம் நடந்த ஆய்வில் செமாகுளுடைடு 9.6 சதவீதமே குறைத்தது. குமட்டலும் வாந்தியும் தாங்காமல் முழு டோஸை எட்ட முடியாதவர்களும் உண்டு. ஆகவே வழக்கமான பருமனுக்கு, விற்கப்படும் மரபணுப் பரிசோதனையை நம்பி மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, தொடக்க வாரங்களில் எடை எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. லிராகுளுடைடுக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு இதை விதியாகவே வைத்திருக்கிறது: முழு டோஸான 3 மில்லிகிராமில் 12 வாரங்கள் கழிந்தும் தொடக்க எடையில் 5 சதவீதம் குறையாவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டும்.

ஆனால் ஒற்றை மரபணு பழுதானதால் வரும் பருமனில் நிலைமை தலைகீழ். 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த நெருங்கிய உறவினர்களான இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. கொழுப்பு செல்கள் சுரந்து பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஹார்மோனின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்ததே காரணம். இல்லாத லெப்டினை ஊசியாகத் தினமும் செலுத்தத் தொடங்கியதும் சிறுமியின் அடங்காத பசி அடங்கியது; ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. சாதாரணப் பருமன் உள்ளவர்களின் உடலில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருப்பதால், அதே ஊசி அவர்களுக்கு ஏறக்குறைய உதவுவதில்லை.

லெப்டினுக்கு அடுத்த கண்ணிகளில் பழுது இருந்தாலும் இதே தர்க்கம் பொருந்தும். லெப்டின் ஏற்பியோ, அதற்குப் பின்வரும் பிஓஎம்சி புரதமோ பழுதானவர்களுக்காக 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செட்மெலனோடைடு ஊசி, பழுதான கண்ணியைத் தாண்டி பசியைக் கட்டுப்படுத்தும் மூளையின் எம்சி4ஆர் ஏற்பியை நேரடியாகத் தூண்டுகிறது. எம்சி4ஆர் ஏற்பியே முற்றிலும் பழுதாகியிருந்தால், தூண்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் அந்த ஊசிக்கு அங்கே வேலையில்லை. ஆனால் லிராகுளுடைடு எம்சி4ஆர் பழுதிலும் பயன் தருகிறது: எம்சி4ஆர் பழுதுள்ள 14 பேருக்கு அதை 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்த டென்மார்க் ஆய்வாளர்கள், பழுதில்லாத பருமனானவர்களுக்கு எவ்வளவு குறைந்ததோ அதே அளவுக்கு அவர்களுக்கும் எடை குறைந்ததை 2018இல் பதிவுசெய்தார்கள். ஜிஎல்பி-1 வகை மருந்து பசியைக் குறைப்பதற்கு எம்சி4ஆர் வழியைச் சார்ந்திருக்கவில்லை என்பதை அது காட்டியது. பிறந்த சில மாதங்களிலேயே கட்டுக்கடங்காத பசியும் வேகமான எடைக் கூடுதலும் தெரியும் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வதற்குக் காரணம், லெப்டின், செட்மெலனோடைடு, லிராகுளுடைடு ஆகிய மூன்று ஊசிகளில் எதை எடுப்பது என்பதை அந்தப் பரிசோதனையின் முடிவு அங்கே உண்மையிலேயே மாற்றிவிடுவதுதான்.